கழுவிக் கொடுத்த படம்

நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பது உடம்புக்குக் கெடுதல் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கவனித்துப் பார்த்தால், அதைச் சொல்கிறவர்கள் அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்கிறார்கள். உலைக்கு முன்னால் நிற்கிறவன் எவனும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஐயா, இரும்பு யார்டில் கிரேன் கயிறு அறுந்து ஓர் ஆள் செத்ததை விசாரிக்கிற அதிகாரி நீங்கள். நாற்காலிப் புராணம் இங்கே எதற்கு என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு நாற்காலியால் வந்ததுதான். கம்பெனி கொடுத்த பதிலில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

என் அப்பா கல் சுமந்தவர். சுமை இல்லாதபோதும் குனிந்தே நடப்பார். செத்த பிறகு ஆட்கள் சேர்ந்து அமுக்கித்தான் முதுகை நிமிர்த்தினார்கள். நான் மீசை முளைக்கும் முன்னே யார்டுக்கு வந்தேன். முதலில் தகடு தூக்கினேன், பிறகு உலைக்கு இரும்பு தள்ளினேன். ஒருநாள் குனிந்தவன் நிமிர முடியவில்லை. முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது, இனிமேல் எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். எடைமேடையில் இருந்த கிழவர் அந்தச் சமயம் பார்த்து வேலையை விட்டார். என்னை அங்கே போட்டார்கள்.

எடைமேடை என்றால் ஒரு கண்ணாடி அறை, ஒரு மின்விசிறி, ஒரு திரை. லாரி வந்து மேடையில் ஏறும். திரையில் எண் ஓடி நிற்கும். பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும். கிழித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அறைக்குள் ஒரு சுழல் நாற்காலி. சுழலாது. அதில் ஒரு சக்கரம் கிடையாது. இடது பக்கம் சாய்ந்தால் ஆளைக் கவிழ்த்துவிடும். என் வம்சத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். சிம்மாசனத்துக்காக ராஜாக்கள் சொந்தக்காரனைக் கொன்றார்கள் என்று படித்தால் யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. சிம்மாசனத்தில் தங்கம் இருந்தது. என்னுடையதில் சக்கரம்கூட முழுசாக இல்லை.

இனி கழுவுகிற கதை. அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

உலையில் இருந்தபோது ஒருமுறை கால் வீங்கியிருக்கிறது என்று லீவு கேட்டேன். ஆபீஸ் கிளார்க் காலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். தெளிவாக இருக்க வேண்டும், ஃபைலாக அனுப்பு என்றார். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"காலு நல்லாத்தான் வீங்கியிருக்கு. ஆனா அந்தக் காலு சினிமா தியேட்டர்ல என்ன பண்ணுது?"

இடைவேளையில் எடுத்த படம் அது. வெள்ளைச் சுவர் முன்னால் நின்று, சுற்றிலும் யாரும் இல்லாமல் பார்த்து எடுத்திருந்தேன். அப்படியும் மாட்டிக்கொண்டேன். போன் ரிப்பேர் கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். அவர்தான் சொல்லிக் கொடுத்தார். போன் படம் எடுக்கும்போதே, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எந்தப் போனில் எடுத்தது என்று உள்ளே ஒரு குறிப்பும் எழுதிவிடுமாம். கண்ணுக்குத் தெரியாதாம். படத்தின் விவரம் என்ற இடத்தைத் தொட்டால் வரைபடத்தோடு விரியும். டைப் அடித்த ஃபைலாக இருந்தால் அடித்தவன் பெயர் உள்ளே உட்கார்ந்திருக்கும். போன் வாங்கிய அன்று எந்தப் பெயரைக் கொடுத்தோமோ அந்தப் பெயர். எல்லாவற்றையும் எடுத்துவிட வழியும் உண்டு, எங்கே தொட வேண்டும் என்று தெரிந்திருந்தால். அவர் காட்டக் காட்ட நான் மனப்பாடம் செய்துகொண்டேன். ஒரு சினிமாவுக்காக இவ்வளவு படித்தவன் யார்டில் நான் ஒருவன்தான்.

அந்தப் படிப்புக்கு மதிப்பு வந்தது யார்டில் இருந்த பெயிண்டர் ஒருவரால். குடிதண்ணீர்த் தொட்டியில் துரு மிதக்கிறது என்று அவர் ஆய்வு அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினார். பெயர் போடவில்லை. கீழே 'அனைத்துத் தொழிலாளர்கள்' என்று முடித்திருந்தார். உங்கள் அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். வந்த ஃபைலை அப்படியே கம்பெனிக்கு அனுப்பி, இணைப்பைப் பார்த்து விளக்கம் தரவும் என்று கேட்பீர்கள். மேனேஜர் ஃபைலைப் படிக்கவில்லை. விவரத்தைத்தான் பார்த்தார். பெயிண்டரை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார்.

"வாங்க, அனைத்துத் தொழிலாளர்களே. உட்காருங்க."

பெயிண்டர் அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க வெளிக் கூரையில் துரு சுரண்டினார்.

அன்றிலிருந்து எதை அனுப்புவதாக இருந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். லீவுக்கு டாக்டர் சீட்டு, வேறு கம்பெனிக்கு வேலை விண்ணப்பம், புகார், எல்லாம். "அண்ணே, கொஞ்சம் கழுவிக் குடுங்க" என்பார்கள். என்னைச் 'சலவை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஸ்டோர்காரர் ஒருவர் ஃபைலில் தன் போன் நம்பர் மேல் கறுப்புப் பட்டை பூசி, மறைத்துவிட்டேன் என்று பெருமையாக வந்தார். பட்டை மேல் விரலை இழுத்து, அடியில் அப்படியே கிடந்த நம்பரை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டி, அதற்கு ஒரு போனும் போட்டேன். அவர் பாக்கெட் மணி அடித்தது. அன்றைக்கு டீ அவர் செலவு.

உலையில் இருந்த காலத்தில் யாரும் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. டேய் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க விரும்பவில்லை. மறைப்பது எனக்குத் தொழிலாக இருந்தும்.

செத்தவனைக் கொக்கி என்று கூப்பிடுவோம். கிரேன் ஓட்டுகிறவன். மேலே கூண்டில் இருந்துகொண்டு கொக்கியை அவன் இறக்கினால், கீழே இருக்கிறவன் கையில் கொடுப்பது மாதிரி வந்து நிற்கும். என் தங்கை புருஷன். அவளை அவனுக்குக் கட்டிக் கொடுத்தது நான்தான். எனக்குப் போனில் எதுவும் ஒழுங்காகத் தெரியாத காலத்தில், எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று சொல்லித் தந்தவன் அவன்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். எடைமேடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வருவதாக இருந்தது. மேனேஜர் ஒருநாள் அறைக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"உன் மாப்பிள்ளைக்கு கம்ப்யூட்டர் நல்லா வருமாமே. அவனை இங்க உக்கார வெச்சா என்ன? உன்னைத் திரும்ப உலைப் பக்கமே பாத்துக்கலாம். லேசான வேலையா."

உலைப் பக்கம் லேசான வேலை என்று ஒன்று கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

மறுநாளே கொக்கி வந்தான். வாசலில் நின்றே சொன்னான்.

"மச்சான், அந்த ஆளு உன்கிட்டயும் உளறினாரா? நான் அப்பவே வேணாம்னுட்டேன். உன் சீட்டு எனக்கு எதுக்கு? அதுல உக்காந்தா கவுந்துதான் போவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். நம்பவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். மனிதர்களை அளக்க என்னிடம் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான். என்னை வைத்தே எல்லோரையும் அளந்தேன். எடைமேடைக்காரனுக்கு அது பெரிய குறைதான்.

அதற்குப் பிறகு அவன் வந்தது கயிற்றுப் படத்தோடு. கிரேனின் இரும்புக் கயிற்றில் புரிகள் அறுந்து துடைப்பம் மாதிரி விரிந்து நின்றன. வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் யாரும் கேட்கவில்லை. கயிறு கீழே இறங்கியிருந்த நேரம் பார்த்துப் படம் எடுத்து, இந்தக் கயிறு எப்போது வேண்டுமானாலும் போகும், கீழே ஆட்கள் நிற்கிறார்கள் என்று போனிலேயே டைப் அடித்திருந்தான். படமும் ஃபைலும் என் போனுக்கு வந்தன.

"நல்லாக் கழுவிக் குடு மச்சான். அழுக்குத் துணி ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது."

"குடுத்துட்டுப் போ மாப்ள. சாயங்காலம் வாங்கிக்கோ."

கழுவினேன். படத்தில் இருந்த இடத்தை எடுத்தேன். தேதியை எடுத்தேன், நேரத்தை எடுத்தேன். எந்தப் போன் என்பதை எடுத்தேன். ஃபைலின் பெயரிலேயே அவன் செல்லப் பெயர் இருந்தது, அதை மாற்றினேன். கடைசியாக ஃபைலுக்குள் எழுதியவன் பெயர் இருக்கும் இடத்துக்குப் போனேன். அந்த நேரத்தில் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. எழுந்து போய்ச் சீட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவன் வாங்கிப் பார்த்தான். படத்தைத் தொட்டு, வரைபடம் விரிகிறதா என்று பார்த்தான். விரியவில்லை. முதுகில் தட்டினான். பெயர் எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பெயர் இல்லாமல் புதிதாக ஒரு மெயில் ஐடி தொடங்கி, என் கண் முன்னாலேயே உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினான்.

உங்கள் அலுவலகம் வழக்கம்போல ஃபைலைக் கம்பெனிக்கு அனுப்பியது. மேனேஜரும் வழக்கம்போல விவரத்தைப் பார்த்தார். அதிகம் போனால் வேலையை விட்டு அனுப்புவார்கள் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். நல்ல கிரேன்காரனுக்கு எங்கேயும் வேலை உண்டு. தங்கை கொஞ்ச நாள் கஷ்டப்படுவாள், நான் பார்த்துக்கொள்வேன், அவளும் அண்ணனைப் பற்றி நல்லபடியாகப் பேசுவாள். இந்த அளவுக்குத் தாராளமாக இருந்தேன்.

மேனேஜர் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. மேலே கூண்டில் வேறு ஆளைப் போட்டார். அவனைக் கீழே இறக்கி, தகடுகளுக்குச் சங்கிலி மாட்டுகிற வேலையைக் கொடுத்தார்.

"ரொம்ப நாளா மேல இருந்துட்ட. இனிமே கீழ இருந்து பாரு. கயிறு எப்படி இருக்குன்னு கிட்டக்கத் தெரியும்."

புகாரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கொக்கி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

"எப்படி மச்சான் தெரிஞ்சுது?"

"அந்த ஆபீஸ்லேர்ந்து எவனாவது போன் பண்ணிச் சொல்லியிருப்பான்."

"நீ கழுவினல்ல?"

"கழுவினேன்."

"அப்ப பெயிண்டராத்தான் இருக்கும். அவர்கிட்ட மட்டும் வாய விட்டுட்டேன்."

நான் மறுத்துச் சொல்லவில்லை. அதன் பிறகு அவன் பெயிண்டரோடு டீ குடிக்கவில்லை. பெயிண்டர் என்னிடம் வந்து, கொக்கிக்கு என் மேல என்ன கோபம் என்று கேட்டார். விடுங்க, சரியாப் போகும் என்று நான் சமாதானம் சொன்னேன். எனக்குச் சமாதானம் சொல்ல நன்றாக வரும்.

எடைமேடை ஜன்னலில் இருந்து கிரேன் தெரியும். தகடு அவன் தலைக்கு மேலே போவதும் வருவதும் தெரியும். அவனை அங்கிருந்து மாற்றச் சொல்லி மேனேஜரிடம் பேசலாம் என்று தோன்றியது. பேசினால், அவன் புகார் அனுப்பியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லி வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்றும் தோன்றியது. சொன்னால், பெயர் எப்படிப் போச்சு சலவை என்று அவர்கள் கேட்பார்கள். ஆகவே ஜன்னலுக்கு முதுகு தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஒரு சக்கரம் இல்லாததால் திருப்புவது சிரமம். இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. டாக்டர் எதையும் தூக்கக் கூடாது என்றிருந்தார். அவனுக்காக நான் பட்ட கஷ்டம் என்றால் அது ஒன்றுதான்.

கயிறு ஒரு மத்தியானத்தில் அறுந்தது. சத்தம் மட்டும்தான் கேட்டேன்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல், நின்றுகொண்டிருந்த லாரியில் அவனை ஏற்றினார்கள். யார்டை விட்டு வெளியே போக எடைமேடை மேல் ஏறித்தான் போக வேண்டும். லாரி ஏறியது. திரையில் எண் ஓடி நின்றது. அந்த லாரியின் வெறும் எடை எனக்கு மனப்பாடம். கூடப் போனவர்களையும் சேர்த்து, மீதி எவ்வளவு என்று மனம் கழித்துப் பார்த்துவிட்டது. நான் பார்க்கச் சொல்லவில்லை. பழக்கதோஷம். சீட்டு அடிக்கவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அறுந்த கயிறு நீங்கள் வருவதற்கு முன்பே உலைக்குள் போய்விட்டது. சங்கிலியை அவன்தான் தப்பாக மாட்டினான், குற்றம் செத்தவனுடையது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. புகாரில் இருந்த படம், முந்தின வருடமே கழற்றிக் குப்பையில் போட்ட பழைய கயிற்றின் படம், வேண்டுமென்றே எடுத்து அனுப்பியிருக்கிறான் என்றும் எழுதியது. குற்றம் அவனுடையது என்று முடிந்தால் என் தங்கை குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கம்பெனியிடமிருந்து அவளுக்கும் குழந்தைக்கும் எதுவும் வராது. நீங்கள் அவளிடம் தன்மையாகத்தான் சொன்னீர்களாம்.

"தேதி இல்லாத படத்த வெச்சிக்கிட்டு நான் என்னம்மா பண்றது? எப்ப எடுத்ததுன்னு அந்தப் படத்துல இருந்தா, கம்பெனி சொல்றது பொய்னு நானே எழுதிடுவேன்."

இருந்தது ஐயா. தேதி இருந்தது, நேரம் இருந்தது, எந்த மூலையில் நின்று எடுத்தான் என்று இடம் இருந்தது. எல்லாவற்றையும் அழித்தது நான். அவனைக் காட்டிக் கொடுத்ததை விட்டுவைத்தேன். அவனைக் காப்பாற்றியிருக்கக் கூடியதைச் சுத்தமாகக் கழுவினேன். மெனக்கெட்டு யோசித்தாலும் ஒருவனுக்கு இவ்வளவு பொருத்தமாகச் செய்ய வராது. எனக்கு யோசிக்காமலே வந்தது.

தங்கை எடைமேடைக்கு வந்தாள். அவன் போன் அவனோடு நசுங்கிப் போய்விட்டது. அவளுக்கு உட்கார நாற்காலியைக் கொடுத்தேன். உட்காரவில்லை.

"அண்ணே, அவர் உனக்கு அனுப்பினாரே, கழுவறதுக்கு முன்னாடி இருந்த படம், அது உன் போன்ல இருக்கா?"

"இல்லம்மா. அழிச்சிட்டேன்."

"நீயா? கண்ணு மூடின படத்தக்கூட அழிக்க மாட்டியே."

"அழிச்சிட்டேன்மா."

"சரி விடு. அவர் மாட்டக் கூடாதுன்னுதானே அவ்ளோ சுத்தமாக் கழுவின. உன்ன என்ன சொல்றது?"

என் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறாள் என்பது அவள் கேட்டைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

படம் என் போனில் இருக்கிறது. கழுவாத படம். அதைக் கொடுத்தால் நீங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். எல்லாவற்றையும் அழித்தவன், பெயரை மட்டும் ஏன் விட்டான் என்று கேட்பீர்கள். லாரி வந்தது என்று சொல்லலாம் என்றிருந்தேன். மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கு லாரி வரவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. மேடை காலியாகக் கிடந்தது. அவன் பெயரில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உலை ஞாபகம் வந்தது. விரலை எடுத்துவிட்டேன். இதுதான் நடந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, எதையும் சேர்க்கவில்லை, பொய் எதுவும் எழுதவில்லை. ஒரு பெயரை அழிக்காமல் விட்டேன். என் தங்கை புருஷனைக் கொன்றது கயிறு இல்லை, நான்.

புதுக் கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை. நாற்காலி எனக்கே நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். புதுச் சக்கரம் போட்டுத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். இதை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு.

மனதில் இருந்ததைக் கொட்டியாகிவிட்டது. வெகுநாளைக்குப் பிறகு முதுகு நிமிர்ந்த மாதிரி இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும் என்பார்கள், அது எனக்கு இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பெயர் எதையும் எழுதவில்லை. படித்தால் யார் என்று நீங்கள் ஊகித்துவிடுவீர்கள். ஊகம் ஆதாரம் ஆகாது என்பதைக் கம்பெனி எழுதிக் கொடுத்த பதிலில் இருந்து கற்றுக்கொண்டேன். எனக்கு என்ன ஆனாலும் என் தங்கைக்கு நியாயம் கிடைக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு முக்கியம்.

அந்தக் கயிற்றின் படத்தை இதோடு இணைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட அதே படம். யார் போனிலிருந்து வந்தது என்று தெரியாமல் இருக்க, இடம், தேதி, நேரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இந்த முறை ஒன்றைக்கூட விடவில்லை.